பின்பக்கமாக நடந்தவர்

“படி. இன்னொரு படி. மேடு. வலது கைப் பக்கம் சைக்கிள் நிக்குது. பூனை... நில்லு. போயிடுச்சு, வா.”

தெருவில் இந்தக் குரல் கேட்டால் பெரியப்பா வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். குரல் அவருடையது அல்ல, அவருடைய கூட்டாளியுடையது. பெரியப்பா தானாக வாயே திறக்க மாட்டார். போகிற திசைக்கு முதுகு இருக்கும்படி, ஒரு பெரிய கண்ணாடித் தகட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வருவார். மறுமுனையைப் பிடித்திருக்கும் கூட்டாளி நம் எல்லோரையும் போல முன்பக்கமாக நடப்பார். கை அறுபடாமலும் வழுக்காமலும் இருக்க, சைக்கிள் டியூபை வெட்டி மடித்த துண்டுகளைக் கண்ணாடியின் விளிம்பில் வைத்துப் பிடித்திருப்பார்கள். பெரியப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. கூட்டாளி “படி” என்றால் குதிகாலைத் தூக்குவார். “நில்லு” என்றால் நிற்பார். சந்தைக் கூட்டத்துக்குள்ளும் அப்படித்தான்.

“ஏங்க, ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு நடந்தா என்ன?” என்று பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கேட்டார்.

“பாக்குற வேலைய இவன்கிட்ட குடுத்தாச்சு. நடக்குற வேலை மட்டும்தான் என்னோடது,” என்றார் பெரியப்பா.

“பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல,” என்றார் கூட்டாளி. “பள்ளம். காலைத் தூக்கு.”

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. நடுவில் ஒரு குறுகலான படிக்கட்டு, பாதியில் ஒரு திருப்பம். அந்தப் படிக்கட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்கினாலும் பெரியப்பா சலித்துக்கொள்ள மாட்டார். ஏன் அவ்வளவு ஏறி இறங்கினார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் சுவரோரமாகக் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நிற்கும். நடுவில் பழைய கம்பளி விரித்த மேசை. மேசை மூலையில் மண்ணெண்ணெய் ஊற்றிய சின்ன டப்பா, அதற்குள் தலைகீழாகக் கண்ணாடி வெட்டும் கட்டர். பெரியப்பா கண்ணாடியில் வெட்டுக் கோட்டை ஒரே இழுப்பில் இழுப்பார். “ரெண்டாவது தடவை இழுத்தா கண்ணாடிக்குக் கோவம் வந்துரும்,” என்பார். பிறகு தகட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பக்கமும் கை வைத்து ஓர் அழுத்து. ‘டக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். அந்தச் சத்தம் வரும்போது மட்டும் கண்களை மூடிக்கொள்வார்.

மனிதர்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. ஜன்னல்கள்தான் நிற்கும். வெட்டி வைத்த கண்ணாடியில் யாருக்கு உரியது என்று சோப்புக் கட்டியால் எழுதி வைப்பார். ‘மாடி பாத்ரூம்’, ‘கோவக்கார டாக்டர்’, ‘பந்து விளையாடுற வீடு’. கோவக்கார டாக்டர் ஒருநாள் தானே கடைக்கு வந்துவிட்டார். பெரியப்பா அவசரமாக முதுகால் அந்த எழுத்தைத் துடைத்தார். அன்று முழுக்க அவர் சட்டை முதுகில் ‘டாக்டர்’ என்ற சொல் பாதி திரும்பியபடி இருந்தது.

மாலையில் கடை அடைத்ததும் அவர் செய்யும் ஒரு காரியத்தை வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பதிக்கப் பூசுகிற புட்டியில் ஓர் உருண்டை எடுத்து, மாவு போலப் பிசைவார். இரண்டு செருப்பையும் கழற்றி, அடிப்பக்கம் முழுக்க அந்த உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுப்பார். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் எல்லாம் புட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். வெளிச்சத்தில் பிடித்தால் மின்னும். பிறகு தன் பாதங்களையும் அதே போல ஒற்றுவார். தலையை உதறி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் மேலே போவார். பெரியம்மா வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. கண்ணாடிக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு, இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் காலில் ஒரு துகள் ஏறியதில்லை.

பெரியம்மாவுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘மேலிடம்’. “மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்.” “இன்னைக்கு மேலிடம் கொஞ்சம் சூடா இருக்கு.” பெரியம்மாவுக்கு அது தெரியும். “உங்க மேலிடத்துக்கு இன்னைக்குக் காய் வாங்கணுமாம், கீழிடம் கொஞ்சம் கிளம்புறீங்களா?” என்பார்.

ஒரு சமயம் பெரியம்மாவுக்குத் தோள்பட்டை இறுகி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. பல மாதங்கள் பெரியப்பாதான் தலை சீவிப் பின்னிவிட்டார். அவருடைய வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. அதனால் பின்னல் எப்போதும் இடப் பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பின்னலோடுதான் பெரியம்மா கடைவீதிக்குப் போவார். “என்னக்கா இது, பின்னல் ஒரு பக்கமாப் போகுது?” என்று எதிர்வீட்டுப் பெண் சிரித்தாள். “அது அவர் பின்னினது,” என்றார் பெரியம்மா, நகையைப் பற்றிக் கேட்டதுபோல.

அந்த இரண்டு விரல்கள் மடங்காமல் போன கதையைச் சொல்லாமல் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது. ஒரு சலூனுக்கு ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு போனார்கள். வாசலில் படி இருந்தது. பின்பக்கமாக நடந்துகொண்டிருந்த பெரியப்பா அதில் இடறி விழுந்தார். கண்ணாடி அவர் கையிலேயே உடைந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியம்மா கூட்டாளியைப் பார்த்து, “படின்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?” என்று கேட்டார். “எங்க ரெண்டு பேர் தொழிலப் பத்தி நீ பேசாத,” என்றார் கூட்டாளி. அவ்வளவுதான். அதுவரை ‘தங்கச்சி’, ‘அண்ணே’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு பேச்சை விட்டார்கள். கூட்டாளி மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார். பெரியம்மா கடைக்குள் கால் வைப்பதை நிறுத்தினார்.

பெரியப்பா எதையும் நிறுத்தவில்லை. கை ஆறியதும் முதல் வேலையாக அதே கூட்டாளியோடு கண்ணாடி தூக்கப் போனார். “இனிமே நான் பின்பக்கமா நடக்குறேன். நீ பாத்து நட,” என்று கூட்டாளி முனையை மாற்றிக் கேட்டாராம். “உனக்குப் பின்னால நடக்கத் தெரியாது, விழுந்து வைப்ப,” என்று சொல்லிவிட்டு, பெரியப்பா தன் பழைய முனையையே பிடித்துக்கொண்டார். பூனையைக்கூட விடாமல் கூட்டாளி சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பெரியப்பா ஒரே பதிலைச் சொல்வார். “அவன் படின்னு சொன்னான். என் காதுலதான் விழல.” பெரியம்மா நம்பியும் நம்பாமலும் பாத்திரத்தை இறக்கி வைப்பார்.

கூட்டாளி தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துத் தெருவில் ஓர் அறை, மற்ற நேரமெல்லாம் கடை. பெரியம்மா அவரோடு பேசுவதில்லையே தவிர, காலையும் மாலையும் மேலே இருந்து கயிற்றில் ஒரு கம்பிக் கூடை இறங்கும். அதில் இரண்டு டம்ளர் டீ இருக்கும். டீயைக் கூடை கொண்டுவந்துவிடும். சொற்களைக் கொண்டுபோகத்தான் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் பெரியப்பா.

நான் மேலேயும் கீழேயும் இருந்ததால் இரண்டு முனையிலும் கேட்டேன்.

பெரியம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் செடித் தொட்டிகள் வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றும்போது அது கடை வாசலில் நிற்பவர் தலையில் சொட்டும். கூட்டாளி நிமிர்ந்து பார்த்து, “உன் மேலிடத்துக்கிட்ட சொல்லி வை. இன்னொரு தடவை என் தலையில ஊத்துனா, மேல வந்து அத்தனை தொட்டியையும் உருட்டி விட்டுருவேன்,” என்றார். பெரியப்பா தலையாட்டிவிட்டு மேலே போனார்.

“என்ன சொல்றாரு உங்க கூட்டாளி?”

“செடியெல்லாம் நல்லா வந்திருக்காம். கடைக்கே குளுகுளுன்னு இருக்காம்.”

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அந்த ஆளு கண்ணுக்குச் செடி தெரியுதா? பரவாயில்லையே.” மறுநாளிலிருந்து தொட்டிக்கு ஒரு செம்பு தண்ணீரைக் கூடுதலாக ஊற்றினார். கூட்டாளியின் தலை இன்னும் நனைந்தது. கடைசியில் பெரியப்பா ஏணி போட்டு ஏறி, வாசலுக்கு மேல் ஒரு தகரத்தை வளைத்து அடித்து, தண்ணீர் ஓரமாகப் போக வழி செய்தார். “மேலிடம்தான் அடிக்கச் சொல்லிச்சு. உன் தலையில விழுதேன்னு ரொம்ப வருத்தம்,” என்று ஏணியில் இருந்தபடியே சொன்னார். கூட்டாளி தலையைத் துவட்டிக்கொண்டே, “வருத்தம் இருந்தா சரி,” என்றார்.

ஒருநாள் படிக்கட்டில் அவரை மறித்துக் கேட்டேன். “பெரியப்பா, கூட்டாளி மாமா அப்படிச் சொல்லவே இல்லையே?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வெட்டின கண்ணாடிய அப்படியே எடுத்துட்டுப் போய்க் குடுப்பாங்களா? ஓரத்தத் தேச்சுட்டுத்தான் குடுக்கணும். இல்லைன்னா வாங்குற கைய அறுத்துரும். நீ போய் உன் சோலியப் பாரு.”

கூட்டாளிக்குக் கண்ணில் புரை விழுந்தபோதும் பெரியப்பா வாய் திறக்கவில்லை. கூட்டாளி படியில்லாத இடத்தில் “படி” என்பார், மேட்டைப் பள்ளம் என்பார். பெரியப்பா காலையிலேயே தனியாகக் கிளம்பி, அன்று கண்ணாடி போக வேண்டிய வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வருவார். பிறகு கூட்டாளி எது சொன்னாலும் அதற்கு ஏற்றதுபோலக் காலைத் தூக்குவார், வைப்பார். இல்லாத படியில் ஏறுகிறவரை நான் அப்போதுதான் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகுதான், “கண்ணு தெரியாதப்பவும் நான் சரியாத்தான சொன்னேன்?” என்று கூட்டாளி கேட்டார். “ஒண்ணு ரெண்டு இடத்துல கொஞ்சம் இழுத்துச் சொன்ன,” என்றார் பெரியப்பா.

ஊரில் யார் ஜன்னல் உடைந்தாலும் மறுநாளே கண்ணாடி போட்டுவிடுகிறவர், தன் வீட்டுச் சமையலறை ஜன்னலை மட்டும் அப்படியே விட்டிருந்தார். சுவரின் முக்கால்வாசி அகலத்துக்கு ஒரே கண்ணாடி. பெரியம்மா சமைத்துக்கொண்டே தெருவைப் பார்க்கும் ஜன்னல் அது. எங்கிருந்தோ வந்த ஒரு பந்தால் குறுக்கே விரிசல் விட்டு, டேப் ஒட்டி நின்றது. “ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுற ஆளு வீட்டு ஜன்னலப் பாரு, கால்ல கட்டுப் போட்ட மாதிரி,” என்று பெரியம்மா இடிப்பார். ஒவ்வொரு முறை புதுத் தகடு வரும்போதும் பெரியப்பா அதை வெளிச்சத்தில் நிறுத்தி, குனிந்து, சாய்ந்து பார்ப்பார். “இதுல அலை இருக்கு. தெருவே நெளியும்.” “இதுல ஒரு குமிழி இருக்கு. அவ நாள் பூரா அதையே பாத்துட்டு இருப்பா.” மற்றவர்களுக்குப் போதுமானது எதுவும் மேலிடத்துக்குப் போதவில்லை.

பெரியப்பா இறந்த அன்று மத்தியானம் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்திருந்தார். சாப்பிட்ட களைப்பில் தூங்குகிறார் என்று கூட்டாளி நினைத்தார். ஒரு சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் சுத்தியலைக் கீழே வைத்தார். கடைக்கு வந்த ஒருவரை, “சத்தம் போடாதீங்க, தூங்குறான்,” என்று வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். பெஞ்சில் வெயில் ஏறியபோது, முகத்தில் படாமல் இருக்க ஓர் அட்டையை எடுத்து மறைத்து நிறுத்தினார். மாலையில் கூடை இறங்கியது. டீ வந்திருக்கிறது என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

மேலே போய்ச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் எதையும் மேலே கொண்டுபோய்ச் சொன்னவர் பெஞ்சில் சாய்ந்திருந்தார். கூட்டாளி படிக்கட்டின் அடியில் போய் நின்றார். முதல் படியில் காலை வைத்தார், எடுத்தார். கூடை மேலே வரவில்லையே என்று பெரியம்மா எட்டிப் பார்த்தார். அங்கே வந்து நிற்பது யார் என்பதைப் பார்த்தே பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவைத் தெருவில் இருந்தவர்கள்தான் மேலே தூக்கி வந்தார்கள்.

எல்லாம் முடிந்து உறவினர்கள் போன பிறகு, கூடை மறுபடி இறங்கத் தொடங்கியது. ஒரு டம்ளர். கூட்டாளி குடித்துவிட்டுக் காலி டம்ளரை வைப்பார், கூடை மேலே போகும். கடையில் வேலை இல்லை. கண்ணாடி வெட்டலாம், தூக்க ஆள் இல்லை. கேட்டு வந்தவர்களிடம் வேறு கடையைக் காட்டிக்கொண்டிருந்தார். என் அம்மா வந்து பெரியம்மாவைக் கூப்பிட்டார். “இங்க யாருக்கா இருக்கா உனக்கு? கீழ இருக்குற ஆளு பேசக்கூட மாட்டாரு. கடைய அவரே பாத்துக்கட்டும். எங்களோட வந்துடு.” பெரியம்மா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம்,” என்றார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒருநாள் டம்ளர் நிறைந்தபடியே திரும்பி மேலே வந்தது. மறுநாளும். மூன்றாம் நாள் பெரியம்மா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சலூன் விபத்துக்குப் பிறகு அவர் கடைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நானும் பின்னால் போனேன்.

“டீ ஏன் திரும்பி வருது?”

கூட்டாளி எழுந்து நின்றார். பழக்கத்தில் பெரியப்பா உட்காரும் பெஞ்சைப் பார்த்து, “வேணாம்னு சொல்லு,” என்றார். பெஞ்சு காலியாக இருந்தது. பிறகு மெல்லப் பெரியம்மா பக்கம் திரும்பினார்.

“இஞ்சி பத்தலையா? நாளைக்கு இன்னும் கொஞ்சம் தட்டிப் போடுறேன்.”

“ஐயோ, வேணாம்!”

“ஏன்?”

“எனக்கு இஞ்சியே ஆகாது.”

பெரியம்மா டம்ளரைப் பார்த்தார். “நீங்கதான இஞ்சி தூக்கலா வேணும்னு கேட்டீங்க?”

“நான் எங்க கேட்டேன்? என் இருமலுக்காக நீ பாத்துப் பாத்துத் தட்டிப் போடுறதா அவன் சொன்னான். வேணாம்னா மனசு கஷ்டப்படுவியேன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். இப்ப அவனும் இல்ல. யாருக்காகக் குடிக்கிறது?”

“எனக்குத் தட்டித் தட்டிக் கையெல்லாம் காந்தும். நீங்க ஆசையாக் கேக்குறீங்கன்னு...” பெரியம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். “செடி நல்லா இருக்கு, கடைக்குக் குளுகுளுன்னு இருக்குன்னு சொன்னீங்களாமே?”

“தலையில சொட்டுது, தொட்டிய உருட்டிருவேன்னு சொன்னேன்.”

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பா இறந்த பிறகு முதல் சிரிப்பு. கூட்டாளியின் வாயும் ஒரு பக்கம் கோணியது. பிறகு பெரியம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

“அப்ப எதுதான் நிஜம்? எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த அன்னைக்கு, பகல் பூரா ஆஸ்பத்திரி வாசல்ல மழையில நின்னீங்கன்னு சொன்னாரு. அதுவும் அவர் கட்டின கதைதானா?”

கூட்டாளி திடுக்கிட்டார். “அத வேற சொல்லிட்டானா? சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேனே!”

பெரியம்மா டம்ளரை மேசையில் வைத்தார். தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள்.

“அப்ப இன்னொண்ணையும் நீங்களே சொல்லிடுங்க. சலூன் வாசல்ல நீங்க படின்னு சொன்னீங்க, தன் காதுலதான் விழலன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. சொன்னீங்களா?”

கூட்டாளி மேசை மேல் இருந்த கட்டரை எடுத்தார். டப்பாவுக்குள் வைத்தார். மறுபடி எடுத்தார்.

“சொல்லல.”

அந்த ஒரு சொல்லுக்கு ஓரம் தேய்க்க அங்கே யாரும் இல்லை.

“எதிர்ப்பக்கம் ஒருத்தன் கை காட்டுனான். யாருன்னு திரும்பிட்டேன். அவன் விழுந்தப்புறந்தான் ‘படி’ன்னு கத்துனேன். விழுந்தவன் காதுல அது விழுந்துச்சு. என்னப் பாத்துச் சிரிச்சான். இத்தனை வருசத்துல ஒருநாள்கூட அவன் அதைக் கேக்கல. நீ கேட்ட. பதில் சொல்ல வாய் இல்லாம உன்மேல எரிஞ்சு விழுந்தேன்.”

பெரியம்மா எழுந்து, டம்ளரை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

அதன்பிறகு கூடை இறங்கவில்லை. என் அம்மா பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். பெரியம்மா துணிகளை எடுப்பார், மடிப்பார், பெட்டிக்குள் வைக்காமல் கட்டில்மேலேயே விட்டுவிடுவார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு செம்பு குறைத்து ஊற்றினார்.

கீழே கூட்டாளி கடையை ஒழிக்கத் தொடங்கினார். சுவரோரம் சாய்ந்திருந்த தகடுகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு வந்தவர், கடைசித் தகட்டின் முன் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டார். அது அளவாக வெட்டி, நான்கு ஓரமும் தேய்த்து வைத்திருந்த பெரிய கண்ணாடி. அதன் மூலையில் சோப்புக் கட்டியால், விரல்கள் மடங்காமல் போன பிறகு பெரியப்பா பழகிய இடது கையின் சாய்ந்த எழுத்தில், ‘மேலிடம்’ என்று எழுதியிருந்தது. கூட்டாளி அதை வெளிச்சத்தில் நிறுத்தினார். பெரியப்பா செய்வதுபோலவே குனிந்தும் சாய்ந்தும் பார்த்தார். அலை இல்லை, குமிழி இல்லை. எதிர்ச்சுவரின் செங்கல்கள் நேராக நின்றன.

“எங்கிட்டகூடச் சொல்லாம வெட்டி வச்சிருக்கான் பாரு,” என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. புட்டி டப்பாவைத் திறந்து ஓர் உருண்டை எடுத்தார். படிக்கட்டின் முதல் படியில் போய் உட்கார்ந்தார். உருண்டையைப் பிசைந்தார், அது இறுகிப்போயிருந்ததால் நேரம் பிடித்தது. செருப்புகளைக் கழற்றி அடிப்பக்கம் முழுக்க ஒற்றினார். பாதங்களை ஒற்றினார். உருண்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மின்னியது. மறுபடி ஒற்றினார். அது முடிந்ததும், படிகளின் மேல் ஒன்றொன்றாகக் கையை நீட்டி, எட்டிய வரைக்கும் ஒற்றினார். நிமிர்ந்தபோது, திருப்பத்தில் பெரியம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி,” என்றார் கூட்டாளி. “உன் ஜன்னல் கண்ணாடி. அவன் வெட்டி வச்சது. போட்டுக் குடுத்துடுறேன். நீ போறதா இருந்தாலும் பரவாயில்ல. போட்டுடுறேன்.”

நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். “நீ தள்ளு,” என்றபடி பெரியம்மா இறங்கி வந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். கண்ணாடியின் மூலையில் இருந்த எழுத்தைப் பார்த்தார். விரலை அதன் அருகே கொண்டுபோனார், தொடவில்லை. மேசையில் கிடந்த டியூப் துண்டுகளில், தேய்ந்துபோன இரண்டை எடுத்துக்கொண்டார். அவை பெரியப்பாவுடையவை.

“நான் பின்பக்கமா ஏறுறேன்,” என்றார் கூட்டாளி. “நீ கீழ் முனையப் பிடிச்சுக்கோ. படி பாத்து ஏறலாம்.”

“உங்களுக்குப் பின்னால நடக்கத் தெரியாது, விழுந்து வைப்பீங்க,” என்றார் பெரியம்மா. கூட்டாளி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணாடியைத் தூக்கினார்கள். வெறுங்காலோடு பெரியம்மா படிக்கட்டுக்கு முதுகைத் திருப்பி நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. மறுமுனையில் இருந்தவரின் முகத்தை மட்டும் பார்த்தார்.

“இந்தத் தடவை முன்னாடியே சொல்லுங்கண்ணே.”

கூட்டாளி குனிந்து, பெரியம்மாவின் குதிகாலுக்குப் பின்னால் இருந்த படியைப் பார்த்தார்.

“படி,” என்றார்.

பெரியம்மா குதிகாலைத் தூக்கினார்.